நாலேகால் கட்டைக்கு ஸ்டீல் கிட்டார்

1. டில்லிபாபுவின் போன்

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. புது கீபோர்டுலேயே ஹவாயன் டோன் இருக்குது.”

எங்கள் மெல்லிசைக் குழுவின் முதலாளியும் முதன்மைப் பாடகருமான டில்லிபாபு எடுத்த எடுப்பில் இப்படித்தான் ஆரம்பித்தார். தப்பா எடுத்துக்காதீங்க என்று தொடங்குகிறவர் நல்ல சேதி சொல்லி நான் கேட்டதே இல்லை.

“இருக்கட்டும். அதுக்கு இன்னா இப்போ?” என்றேன்.

“வண்டியில எடம் பத்தல. ஸ்டீலுக்குன்னு தனியா ஒரு ஆளு எதுக்குன்னு பசங்க கேக்கறாங்க. இந்த வேங்கிக்கால் ரிசப்ஷன முடிச்சிக் குடுத்துடுங்கக்கா. அப்புறமா பாத்துக்கலாம்.”

அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இனிமேல் வராதே என்று அர்த்தம். ‘பசங்க’ என்றால் டில்லிபாபு என்று அர்த்தம். சொந்த யோசனை எதுவாக இருந்தாலும் அதைப் பசங்க தலையில் கட்டுவது அவர் வழக்கம். இருபது வருடத்துக்கு மேல் அவர் பாட்டுக்கெல்லாம் ஸ்டீல் கிட்டார் வாசித்தவள் நான். போனை வைத்ததும் அழுகை வந்தது, அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது.

குழுவை விட்டால் என் வாத்தியத்துக்கு ஊரில் திறந்திருக்கும் வாசல் ஒன்றே ஒன்று. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகும் ஒரு தியானக்கூடம். ஒரு தடவை அங்கே வாசித்திருக்கிறேன். “மேடம், டியூன் எதுவும் வேணாம், ஒரே சவுண்டு விட்டுகினே இருங்க, போதும்” என்றார் நடத்துகிறவர். விட்டுக்கொண்டே இருந்தேன். அரை மணியில் மூலையிலிருந்து குறட்டை கேட்டது. “பாத்தீங்களா, எவ்ளோ டீப்பா போயிட்டாங்க” என்று அவர் பூரித்துப் போனார். மிச்ச காலமெல்லாம் ஆட்களைத் தூங்கவைத்துப் பிழைக்க எனக்கு மனசு வரவில்லை.

2. மடியில் ஒன்று, தோளில் ஒன்று

லேப் ஸ்டீல் என்பது மடியில் படுக்கவைத்து வாசிக்கிற கிட்டார். நம் ஆட்கள் ஹவாயன் கிட்டார் என்பார்கள். கம்பிகள் உயரத்தில் இருக்கும். விரலால் அழுத்த வேண்டியதில்லை. ஒரு கனமான இரும்பு பாரை மேலே வைத்து இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் அப்பா எனக்கு இதை வாங்கித் தந்ததற்குக் காரணம் இசைப்பற்று இல்லை. மடியில் வைத்தால் வீணை மாதிரி அடக்கமாகத் தெரியும் என்பதுதான். நின்றுகொண்டு வாசிக்கும் சாதா கிட்டாரை அவருக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டேன். கடைசியில் அதுவும் சோறு போட்டது.

குழுவில் இரண்டையும் நானே வாசிப்பேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் தோளில் தொங்கும் கிட்டாரில் கார்டு, அதாவது மூன்று நாலு சுரம் சேர்த்த பிடி. இடையிசை வந்ததும் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு மடியிலிருக்கும் ஸ்டீல். இதற்குக் கை இல்லாத ஆசனம் வேண்டும். எந்தக் கல்யாண மண்டபத்திலும் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிதான் தருவார்கள், அதனால் சொந்தமாக ஒரு ஸ்டூல் தூக்கிக்கொண்டு போவேன். வண்டியில் இடம் பற்றவில்லை என்று டில்லிபாபு சொன்னது இந்த ஸ்டூலைத்தான்.

டியூனிங் விஷயத்தில் என் முதல் கச்சேரியே பாடம். சாதா கிட்டார் டியூனிங்கில் இருந்த கம்பிகளை முறுக்கி ஏற்றி, விரல் வைக்காமலே ஈ கார்டு ஒலிக்கிற ஓப்பன் ஈ வைத்தேன். புத்தகத்தில் படித்த மிதப்பு. மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கில் வாழ்த்திப் பேசும்போது நாலாவது கம்பி பட்டென்று அறுந்தது. யாரோ சுட்டுவிட்டார்கள் என்று அவர் மேடையிலேயே குனிந்துகொண்டார். அன்றிலிருந்து கம்பியை இறக்குவேனே தவிர ஏற்ற மாட்டேன். ஓப்பன் டீ வையுங்கள். ஆறாவதையும் முதலாவதையும் டீ-க்கு இறக்குங்கள், இரண்டாவதை ஏ-க்கு, மூன்றாவதை எஃப் ஷார்ப்புக்கு. ஐந்தும் நாலும் இருந்த இடத்தில் இருக்கட்டும். கம்பியும் பிழைக்கும், தாய்மாமனும் பிழைப்பார்.

சாதா கிட்டாரில் விரல் ஃப்ரெட் என்கிற குறுக்குக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கும். ஸ்டீலில் பார் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிக்கிறவர்கள் முதல் ஆறு மாதம் ஸ்டீலில் எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் கம்மியாகவே வாசிப்பார்கள். விரலின் பழக்கம் அது. பாருக்குப் பின்னால் மிச்ச விரல்களைக் கம்பிமேல் லேசாக இழுத்துக்கொண்டே போங்கள், இல்லாவிட்டால் இரைச்சல் கேட்கும். ஓப்பன் டீ மேஜர் டியூனிங். நம்மூர் சோகப் பாட்டு மைனரில் இருக்கும், அதற்கு இது ஒத்துவராது. சோகப் பாட்டில் மூன்றாவது கம்பியைத் தொடாதீர்கள், மிச்சத்தை வைத்து ஒப்பேற்றலாம். ஒப்பேற்றப் பிடிக்காதவர்கள் இன்னொரு ஸ்டீல் வாங்கி சி சிக்ஸ்த் என்ற டியூனிங் வைத்துக்கொள்ளுங்கள், அதில் முதல் மூன்று கம்பியில் மைனர் தானாகவே கிடைக்கும். வாங்கித் தர அப்பா இருந்தால் நல்லது.

கோடுகள் இருந்தாலும் ஸ்டீலில் அவை வெறும் அடையாளம்தான். இரண்டு கோட்டுக்கு நடுவிலும் பார் நிற்கும். கீபோர்டு அப்படி இல்லை. அதில் இந்தக் கட்டை உண்டு, அடுத்த கட்டை உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது.

3. கண்டக்டர் ஏழுமலை

வேங்கிக்கால் ரிசப்ஷன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இல்லாத முகூர்த்தமாகப் பார்த்திருந்தார்கள், அதனால் வண்டி மண்டப வாசல் வரைக்கும் போனது. பெண்ணின் அப்பா ஏழுமலை, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். இது என் கடைசி நிகழ்ச்சி என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டுக்கார பிரவீன் மட்டும் கிட்ட வந்தான்.

“வசந்தாக்கா, நான் ஒண்ணும் சொல்லலக்கா. அவரே கேட்டாரு, டோன் இருக்குதான்னு. இருக்குதுன்னேன்.”

“இருக்கறத இருக்குதுன்னு தானடா சொல்லணும். போய் வாசி” என்றேன். அவன் நல்ல பையன்தான்.

நாலு பாட்டு ஆனதும் ஏழுமலை பட்டு வேட்டியோடு மேடை ஏறி டில்லிபாபுவிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“எம் பொண்ணுக்காக ஒரு பாட்டு பாடப் போறேன். ஒரு மாசமா பிராக்டிஸ் பண்ணிகினு இருக்கேன்.”

மணப்பெண் மெதுவாக, “அப்பா, வேணாம்பா” என்றாள். மைக்கில் அதுவும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் பத்துப் பதினைந்து போன்கள் மேலே எழுந்தன. பேர்வழி மாட்டினான் என்ற சந்தோஷம் அந்த முகங்களில் தெரிந்தது.

பிரவீன் சுருதி கொடுத்தான். ஏழுமலை அதைக் காதிலேயே வாங்கவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய குரல், மண்டபமே அதிர்ந்தது. ஆனால் சுருதி நாலு கட்டையிலும் இல்லை, அடுத்த கட்டையான நாலரையிலும் இல்லை. பிரவீன் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்று ஏற்றினான், அதிகமாகிவிட்டது. இறக்கினான், கம்மியாகிவிட்டது. சுரத்தை வளைக்கிற சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாசிக்க அவனுக்கு மூன்றாவது கை இல்லை. கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று கேட்கவே பல் கூசியது. முன்வரிசையில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். மணப்பெண் தலை குனிந்துகொண்டாள்.

ஏழுமலைக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்தது. என்ன என்று புரியவில்லை. குரல் தடுமாறியது. டில்லிபாபு ரிதம் பேட் வாசிக்கிறவரிடம் சத்தத்தை ஏற்று என்று கையைக் காட்டினார். தாளத்தால் அமுக்கி ஆளைக் கீழே இறக்கிவிடும் உத்தி அது, எல்லாக் குழுவிலும் உண்டு. நானே பல தடவை கூட நின்றிருக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு முடியவில்லை. வேண்டாத ஆளை மேடையிலிருந்து எப்படிப் பக்குவமாக இறக்குகிறார்கள் என்பதைப் போனில் கேட்டு வந்த சூடு இன்னும் ஆறவில்லை. கிட்டாரை முதுகுக்குத் தள்ளினேன்.

“பிரவீன், கைய எடு” என்றேன். எடுத்துவிட்டான். பேஸ் கிட்டார்க்காரரும் நிறுத்திக்கொண்டார்.

பாரை மூன்றாம் கோட்டுக்கும் நாலாம் கோட்டுக்கும் நடுவில் வைத்தேன். வால்யூமைக் குறைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவர் குரலோடு ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். சரியாக நடுப்பாதியில் இரண்டும் ஒட்டின. நாலேகால் கட்டை. அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது, ஆனால் ஏழுமலை அதில்தான் இருந்தார். மேஜர் பாட்டு, என் நல்ல காலம். பாட்டின் சொந்த ஊர் மூன்றரைக் கோட்டில் என்றால் அடுத்த கார்டு எட்டரையில், அதற்கடுத்தது பத்தரையில். கோட்டைப் பார்த்தால் கை தன்னால் கோட்டுக்குப் போய்விடும், அதனால் கோட்டைப் பார்க்கவே இல்லை. அவர் வாயைப் பார்த்தேன்.

முதலில் அவர் பாடுவதையே கூடவே மெல்ல வாசித்தேன். பிறகு கார்டு வைத்தேன். தனக்குக் கீழே தரை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த கணம் எனக்கும் தெரிந்தது. தோள் இறங்கியது, குரலில் இருந்த கத்தல் போனது. இரண்டாம் சரணத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கினார். நானும் பாரை மயிரிழை மயிரிழையாகக் கீழே இறக்கிக்கொண்டு கூடவே வழுக்கினேன். முடிக்கும்போது நாலு கட்டைக்கும் கீழே எங்கேயோ இருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கிய போன்கள் இறங்கவில்லை, ஆனால் இப்போது நிஜமாகவே பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தன. மணப்பெண் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். கண் மை கலைந்துவிட்டது. மேக்கப் போட்ட பெண் ஓடி வந்தாள்.

கைத்தட்டல் அடங்கியதும் ஏழுமலை, “இன்னொண்ணு பாடட்டுமா?” என்றார். மூன்று பாடினார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து கை கழுவிவிட்டு வந்த பிறகும் பாடினார். டில்லிபாபு என் காதோரம் வந்து, “அவர எதுக்குக்கா ஏத்தி விட்டீங்க?” என்று பல்லைக் கடித்தார்.

4. சான்றிதழ்

ஒருவழியாகப் பாடி முடித்த ஏழுமலை மைக்கைத் தரவில்லை. கண்டக்டர் குரலில் மண்டபத்துக்கே அறிவித்தார்.

“எல்லாருக்கும் நன்றிங்க. ஆனா ஒண்ணு சொல்லியாகணும். மொதல்ல கீபோர்டுல சுருதி சுத்தமா சரியில்ல. நான் எப்டியோ சமாளிச்சிட்டேன். இந்தக் கோஷ்டியில சுருதி சுத்தமா வாசிக்கறது இந்த மடியில வெச்சி வாசிக்கற அம்மா ஒருத்தர்தான். டில்லிபாபு சார், இவங்கள மட்டும் விட்டுடாதீங்க.”

டில்லிபாபு கைகட்டிக்கொண்டு, “கண்டிப்பா சார், கண்டிப்பா” என்றார். வேறு வழி? மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. பிரவீன் கீபோர்டுக்குப் பின்னால் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அழுகிறான் என்று நினைத்து ஏழுமலை அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, “பரவால்ல தம்பி, போகப் போக வரும்” என்றார்.

அந்த வீடியோ இரண்டு வீட்டு வாட்ஸாப் குழுக்களிலும் சுற்றியது. அடுத்த வாரம் டில்லிபாபுவின் போன் வந்தது.

“அக்கா, ஆரணியில ஒரு ரிசப்ஷன். ஏழுமலை சார் சொந்தக்காரங்க. பொண்ணோட பெரியப்பா பாடறாராம். ஸ்டீல எடுத்துகினு வந்துடுங்க.”

“வண்டியில எடம்?”

“ஸ்டூல என் மடியில வெச்சிக்கறேங்கக்கா.”

சின்ன வயதுப் பிள்ளைகள் என்னிடம் எந்த டியூனிங் நல்லது, எந்த பார் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் பிழைப்புக்கு நான் கற்றுக்கொண்டது வேறு. சுருதியோடு பாடுகிறவர்களுக்கு வாசிக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால்கூடப் போதும். சுருதி இல்லாமல், ஆனால் மகளுக்காகப் பாடியே தீருவேன் என்று ஒரு மாசம் பிராக்டிஸ் பண்ணிவிட்டு மேடை ஏறுகிறவருக்கு ஓர் ஆள் வேண்டும். அவர் நிற்கிற இடத்தை மாற்றப் பார்க்காதீர்கள். எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள், அங்கே போய் நில்லுங்கள். இத்தனை வருடத்தில் என் சுருதி சுத்தம் என்று மேடையில் மைக் பிடித்துச் சொன்னவர் ஏழுமலை ஒருவர்தான், அவருக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது.