கோவிந்தசாமி மண்டோரும் புதன், சனி வெந்நீரும்

கோவிந்தசாமி மண்டோர் இறந்த செய்தியை அவருடைய மருமகன்தான் டத்தோ கிராமாட்டில் என் வீட்டுக்கு வந்து சொன்னார். "மாமா காலையில போயிட்டாரு அண்ணே. பதினாறாம் நாளு படிக்க, நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க. கூட வேல செஞ்சவங்கள்ல எழுதத் தெரிஞ்சவரு நீங்கதான்" என்றார். பள்ளிக்கூடம் போகாமல், கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்ற எழுத்து இது. இதைப் பொய்க்குச் செலவழிக்க மாட்டேன்.

கடற்கரை ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மண்டோர், வேலை வாங்கும் மேஸ்திரி. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். இல்லையென்று சொல்ல மாட்டேன். நல்லதை அத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

ஓட்டலுக்கு, சாப்பிடும் பீங்கான் மங்குகளைக் கழுவும் மெஷின் வந்தது. பெரிய இரும்புப் பெட்டி. கம்பிக் கூடையில் மங்குகளை அடுக்கி உள்ளே தள்ளினால், சோடா கலந்த வெந்நீர் துளைக் குழாய்களிலிருந்து சீறி அடிக்கும். வெந்நீர் பின்கட்டுக் கொதிகலனிலிருந்து வரும். ஓட்டலை நடத்திய துரை மெஷினை என் பொறுப்பில் விட்டார். மண்டோர் அந்த இடத்தைத் தம் கையாள் முனியாண்டிக்குக் கேட்டிருந்தார். அது கிடைக்காத எரிச்சல் அவருக்கு.

கொஞ்ச நாளில் மங்குகள் பிசுக்கோடு வெளியே வரத் தொடங்கின. ஒரு விருந்தன்று, கழுவி வைத்த மங்கில் ஆட்டுக் கொழுப்பு. மண்டோர் அதை விரலால் வழித்து, எல்லோர் முன்னாலும் என் நெற்றியில் இழுத்தார். "இந்தாடா, ஓம் மெஷினு குடுக்குற விபூதி!" முனியாண்டி கைதட்டிச் சிரித்தான். இன்னொரு முறை பிசுக்கு வந்தால் மெஷின் எனக்கில்லை என்று துரையும் சொல்லிவிட்டார்.

நான் விடவில்லை. துளைகளை ஈர்க்குச்சியால் குத்தினேன். எலுமிச்சை விதையும் மீன் முள்ளும் வந்தன. சல்லடையைக் கழற்றித் தேய்த்தேன். சோடாவைக் கூட்டினேன். ஒன்றையொன்று மறைக்காதபடி மங்குகளை இடைவிட்டு அடுக்கினேன். திங்களும் செவ்வாயும் மங்குகள் பளபளவென்று வந்தன. புதன்கிழமை மறுபடி பிசுக்கு. குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான் இருந்தது. அந்தச் சூட்டில் கொழுப்பு எப்படிக் கரையும்?

பின்கட்டுக்கு ஓடினேன். தலை நிறைய நல்லெண்ணெயோடு மண்டோர் மணையில் உட்கார்ந்திருந்தார். முனியாண்டி அரப்புத் தேய்த்து, கொதிகலன் நீரை வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். எடுத்த அளவுக்குப் பச்சைத் தண்ணீரை உள்ளே கொட்டினான். புதனும் சனியும் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். நானும் குளிப்பவன்தான், என் வீட்டு அடுப்பில் காய்ச்சிய நீரில்.

"மண்டோரே, இது மங்குக்கு வெச்ச தண்ணி."

"மங்குக்கு என்ன, சளியா புடிக்கப் போவுது? நீயும் வந்து தலைக்கு ஊத்திக்க லா."

துரையை அழைத்து வருவதற்குள் மண்டோரின் ஈரத் தலை தலைப்பாகைக்குள் போய்விட்டது. கொதிகலன் பக்கமே யாரும் போகவில்லை என்று முனியாண்டி மாரியம்மன்மேல் சத்தியம் செய்தான். மெஷின் அவன் கைக்குப் போனது. நான் கரிப்பானை தேய்க்கப் போனேன். அந்தச் சனிக்கிழமை முதல் மண்டோர் தம் வீட்டிலேயே குளித்தார். மங்குகள் சுத்தமாக வந்தன. "மெஷின்ல கோளாறில்ல, அவன் கையிலதான் கோளாறு" என்று ஊரெல்லாம் சொன்னார். அதை நம்பி என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன மாதம் படுக்கையில் கிடந்தவரைப் போய்ப் பார்த்தேன், நலம் விசாரிக்க அல்ல. "அந்தத் தண்ணிய யாரு எடுத்தது? இப்பவாவது சொல்லுங்க" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒனக்கு மங்கு கழுவத் தெரியாது" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

முனியாண்டி, நீ முன்வரிசையில்தான் இருப்பாய். இதைப் படித்து முடித்ததும் எழுந்து நின்று உண்மையைச் சொல். சொல்லாவிட்டால், உன் பதினாறாம் நாளுக்கும் எழுத நான் இருப்பேன்.

மண்டோரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தை. கடைசி மூச்சுவரை ஒத்துக்கொள்ளாமல் இருக்க அவரால் முடிந்தது. கடைசி மூச்சுவரை மன்னிக்காமல் இருக்க என்னாலும் முடியும்.