ரெய்னோவின் வண்டிக்குச் சங்கிலி

பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்த பிறகு இரண்டு குளிர்காலமாக ரெய்னோ உறைந்த ஏரியில் கால் வைக்கவில்லை. பனிக்கட்டியில் துளையிட்டு உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் அவனுடைய குடிலைத் தம்பி ஆர்விட்தான் வருடாவருடம் ஏரிமேல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினான். டிரக்கில் வரச் சொன்னால், "என்னை மூட்டை மாதிரி ஏத்தி இறக்க வேண்டாம்" என்பான் ரெய்னோ.

அதனால் அவன் மனைவி வெர்னா கொட்டகையில் மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைக் கட்டினாள். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவள் அவள்; பேச்சு குறைவு. பனிக்கட்டி இளகுமுன், மார்ச் நடுவில் எல்லாக் குடில்களையும் ஏரியிலிருந்து எடுத்தாக வேண்டும். அதற்குள் அவன் ஒருமுறையாவது தூண்டில் போட வேண்டும்.

"மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளயே வச்சிடு. சங்கிலி கழண்டுதுன்னா ஏரி நடுவுல மண்டி போட்டு உக்காந்திருப்ப" என்றான் ஆர்விட் அவளிடம்.

"ஆமா, அதையே வை" என்றான் ரெய்னோ. "எனக்காக நீ மண்டி போட்டது போதும்."

வெர்னா இரண்டு வாரம் யோசித்தாள். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரில் கழல எதுவும் இல்லை. ஆனால் ஆழமான பனியில் திணறிச் சூடாகிக் கருகினால், அங்கே அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. சங்கிலி என்றால் மோட்டார் பக்கம் சின்னப் பல்சக்கரம் போட்டு இழுவையைக் கூட்டலாம். கெட்டால் கைக்கு எட்டும். சங்கிலியே போட்டாள். அந்த ஊர் வழக்கப்படி, குளிருக்கு முன் டிராக்டருக்குப் பூசுவதுபோல் கெட்டி கிரீஸை அள்ளியும் பூசினாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, கடுங்குளிர். வெர்னா ஓட்ட, இருவரும் குடிலுக்குக் கிளம்பினார்கள். பாதி ஏரி தாண்டியதும் கிரீஸ் மெழுகாக இறுகி, சங்கிலி விறைத்துப் பல்லிலிருந்து கழன்றது.

வெர்னா மண்டி போட்டாள். ஆர்விட்டைக் கூப்பிடுவோமா என்று அவள் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்த காப்பியைச் சங்கிலிமேல் ஊற்றி, இளகிய கிரீஸைத் துணியால் வழித்தாள். ஆனால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்ற இரண்டு கை வேண்டும். சங்கிலியை மாட்ட இன்னொரு கை வேண்டும்.

"நகரு" என்றான் ரெய்னோ. இருக்கையிலிருந்து மெல்லச் சரிந்து பனியில் உட்கார்ந்தான். இடக்கையின் கையுறையைப் பல்லால் கடித்து உருவினான். "நீ தூக்கிச் சுத்து. நான் மாட்டறேன்."

மூன்றாவது முறை சங்கிலி பல்லில் ஏறியது.

"டிராக்டர் கிரீஸா பூசுன?"

"ஆமா."

"பஸ்ஸுக்குப் பூசியிருந்தா வேலையே போயிருக்கும்."

கையுறையைப் போட்டுக்கொண்டு அவனே பிடித்தெழுந்து ஏறினான். குடில் அரை மைலில் தெரிந்தது.

"காப்பிதான் போச்சு" என்றான். வெர்னா வண்டியைக் கிளப்பினாள்.