அஞ்சரை மணிக்கு வந்த அக்கா

ராஜகீழ்ப்பாக்கத்து ஸ்கேன் சென்டர் ஒன்றுக்கு, நோயாளிகளுக்கு நேரம் சொல்லி மெசேஜ் அனுப்பும் புரோகிராமை நான்தான் எழுதினேன். எந்த நாட்டு நேரம் என்று அதில் குறிப்பிடாமல் விட்டேன். என் லேப்டாப்பில் சரியாகவே காட்டியது. மெசேஜ் அனுப்பும் வெளிநாட்டு சர்வரின் கடிகாரமோ நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. பதினொரு மணி ஸ்கேன், மெசேஜில் அதிகாலை ஐந்தரை ஆகிவிட்டது.

புரோகிராம் ஓடத் தொடங்கிய முதல் நாள், காலை ஒன்பது மணிக்கு அங்கே போனேன். வெறும் வயிற்றோடு விடியலிலிருந்து வாசலில் காத்திருந்த ஓர் அக்காவை ரிசப்ஷன் பெண் கடிந்துகொண்டிருந்தாள்.

“பதினொன்னுக்குத்தானே சொன்னோம்? மெசேஜைச் சரியா பாக்க மாட்டீங்களா?”

அக்கா போனை என்னிடம் நீட்டினார். “அஞ்சரைன்னுதானே போட்டுக்கீது, சார்?”

தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். “இருங்க, பாக்கறேன்” என்று நகர்ந்துவிட்டேன்.

“எனக்குதான் கண்ணு சரியில்ல போல. கோச்சுக்காதம்மா” என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

புரோகிராமை அன்றே ஒரு வரியில் திருத்திவிட்டேன். அந்த அக்கா இன்னும் தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.