ஜட்ஜ் தூங்கிய படம்

டிப்போவில் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டுகிறவருக்கு அந்தப் பெயர் வந்தது சினிமாவால். வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பார்த்துவிடுவார். அவர் "போகலாம்" என்றால் பாதி டிப்போ வார விடுப்பில் குடும்பத்தோடு கிளம்பும். "வேண்டாம்" என்றால் முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்தவன் அதை யார் தலையில் கட்டலாம் என்று ஆள் தேடுவான்.

படம் பார்ப்பதற்கு வேலையே வழி செய்து கொடுத்திருந்தது. அவருக்கு வெட்டு டூட்டி. காலையில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். நடுவில் பகல் முழுக்கக் காலி. வீடு ஊரின் மறுகோடியில். போய்க் கை கால் கழுவினால் திரும்பக் கிளம்ப வேண்டியதுதான். ஓய்வறையில் கட்டில் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்குகள் நாளெல்லாம் தகரம் தட்டுவார்கள். தியேட்டரோ எதிர்ச்சாரியில் இருந்தது. ஏசி, இருட்டு, சாய்கிற நாற்காலி. பகல் காட்சிக்கு டிப்போ ஆட்களுக்குச் சலுகை வேறு.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. ஜட்ஜ் இடைவேளை வரைதான் தாங்குவார்.

விடியுமுன் எழுந்த உடம்பு. ஒரு காலத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் முண்டியடித்துச் சட்டை கிழிந்தவர்தான். இப்போது அம்பது தாண்டிவிட்டது. இடைவேளையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், படம் முடிந்தபின் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தால் நாற்காலிக் காலைத் தட்டும்போதுதான் கண் திறக்கும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பிற்பாதியை அவர் கழிவறையில் தெரிந்துகொண்டார். படம் முடிந்து அங்கே நிற்கிறவர்கள் வாய் சும்மா இருக்காது. கிளைமாக்ஸ் இழுவை என்பார்கள், வில்லன் பாவம் என்பார்கள். மிச்சத்தை வாசலில் வெளியேறும் முகங்கள் சொல்லிவிடும். சிரித்துக்கொண்டு போனால் ஒரு தீர்ப்பு, போனை நோண்டிக்கொண்டு போனால் இன்னொன்று. இந்த வியாபாரம் நான்கைந்து வருடமாகப் பிசகாமல் ஓடியது. ஓய்வறைக்குள் அவர் நுழைந்ததும் பேச்சு நின்று நாற்காலி நகரும். வேறு எந்த விஷயத்துக்கும் அவருக்காக யாரும் நாற்காலி நகர்த்தியதில்லை. வீட்டில்கூட.

அந்தச் சனிக்கிழமை பார்த்தது ஒரு டாக்ஸி டிரைவரின் கதை. ஆள் மாறிக் கல்யாணப் பந்தலுக்குப் போனவனை மாப்பிள்ளை என்று நினைத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். முற்பாதி முழுக்கச் சிரிப்பு. ஜட்ஜே தூக்கத்தை மறந்து சிரித்தார். இடைவேளைக்குப் பிறகு வழக்கம்போல.

ஓய்வறையில் மெக்கானிக் முதலில் வம்புக்கு வந்தார். படம் பார்க்காமலே கருத்துச் சொல்லக்கூடியவர்.

"டாக்ஸிக்காரனுக்கு ஸ்டியரிங்கப் பிடிக்கவே தெரியலையாமே? ட்ரெய்லர்லயே பாத்தேன். கிளட்ச்ச மிதிக்காம கியர் போடுறான்."

"நீ படத்துக்குப் போறியா, வண்டிக்கு எஃப்.சி. பாக்கப் போறியா?" என்றார் ஜட்ஜ்.

"சரி, கதை எப்படி? ரெண்டாவது பாதி சொதப்பிருச்சாமே?"

"யாரு சொன்னா? எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வெளிய வர்றான். வேற என்ன வேணும் உனக்கு?"

"அப்ப போகலாங்குறீங்க?"

"தாராளமாப் போகலாம்."

அறையின் மூலையில் டிக்கெட் மெஷினைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜட்ஜின் வண்டியில் ஏறுகிறவன், நல்ல பையன். கல்யாணமாகி மூன்று வருடம். போன மழைக்காலத்தில் அவன் மனைவிக்குக் குழந்தை பிறந்து, ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து, போய்விட்டது. அதன்பிறகு அந்தப் பெண் வாசலைத் தாண்டவில்லை என்று டிப்போவுக்கே தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

மற்றவர்கள் கலைந்ததும் அவன் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, அவளக் கூட்டிட்டுப் போலாமா?"

"எங்க?"

"இந்தப் படத்துக்குத்தான். ரெண்டு நாளா நச்சரிச்சு இப்பத்தான் சரின்னுருக்கா. சோகமா ஒண்ணும் வராதுல்ல? ஆஸ்பத்திரி, அது இதுன்னு?"

ஜட்ஜ் ஒரு நொடி யோசித்தார். அந்த ஒரு நொடியில் "கடைசி வரைக்கும் நான் பாக்கல தம்பி" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் எடுத்தார். ஆனால் மெக்கானிக் இன்னும் கதவருகில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சிரிச்சுக்கிட்டே வரலாம், கூட்டிட்டுப் போ" என்றார்.

அடுத்த வார விடுப்பில் அவர்கள் போனார்கள். மறுநாள் ஜட்ஜின் வண்டியில் வேறு கண்டக்டர் ஏறினார். அதற்கு மறுநாளும் அவரேதான். மூன்றாம் நாள் கண்டக்டர் வந்தான். வந்தவன் ஜட்ஜைப் பார்க்காமல் நேராக, டூட்டி போடுகிற டைம் ஆபீசுக்குள் போனான். வெளியே வந்தபோது வேறு வண்டியின் பக்கம் நடந்தான்.

டைம் ஆபீசில் இருக்கிற அக்காவுக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"ஜட்ஜய்யா, இங்க வாங்க. உங்க கண்டக்டர் பையன் வண்டி மாத்திக் கேக்குறான்."

"ஏனாம்?"

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா இல்லியா?"

"பாத்தேனே."

"பாத்தீங்கன்னா, ரெண்டாவது பாதியில டாக்ஸிக்காரனோட தங்கச்சி குழந்தை ஆஸ்பத்திரியில சாகுதே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா? கண்ணாடிப் பெட்டி, குழாய் எல்லாம் கிட்டக் கிட்டக் காட்டுறானாம். அவன் பொண்டாட்டி பாதியில எந்திரிச்சு ஓடியிருக்கு. படிக்கட்டுல உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுருக்கு."



"எல்லாரும் சிரிச்சுக்கிட்டுதானக்கா வந்தாங்க."

"அதுக்கப்புறம் பாட்டு, ஆட்டம், கடைசியில ஒரு காமெடின்னு முடிச்சுட்டானாம். சிரிக்காம என்ன பண்ணுவாங்க?" அக்கா கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு பார்வை பார்த்தார். "தெரிஞ்சே அனுப்பியிருக்காருன்னு அவன் நினைக்கிறான். அத மட்டும் சரி பண்ணுங்க. இன்னிக்கு மட்டும் வேற வண்டி குடுத்திருக்கேன். நிரந்தரமா மாத்துறத ரெண்டு நாள் நான் தள்ளிப் போடுறேன்."

அன்று பகல் அவர் தியேட்டர் பக்கம் போகவில்லை. கண்டக்டரின் வீடு டிப்போவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, மாடியில். சொல்ல வேண்டியதை வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினார். கதவைத் திறந்தது அந்தப் பெண். பின்னால் கண்டக்டர் நின்றான். வாங்க என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டில். கட்டிலுக்கடியில் தொட்டில் படம் போட்ட ஒரு அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா பிரிக்காமல். ஜட்ஜ் அதிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னலைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்று தொடங்கினார்.

"அது கிடக்கட்டும்ணா" என்றாள் அவள். "ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். அந்தத் தங்கச்சி கடைசியில என்னண்ணா ஆனா?"

"எந்தத் தங்கச்சி?"

"டாக்ஸிக்காரனோட தங்கச்சி. குழந்தை போனதுக்கப்புறம். நான் வெளிய வந்துட்டேன். இவரும் என் பின்னாடியே வந்துட்டார். வீட்டுக்கு வந்ததுலருந்து அதே நினைப்பா இருக்கு. வீட்டுக்குப் போனாளா, அவ வீட்டுக்காரன் எப்படி இருந்தான், அப்புறம் எப்பவாச்சும் சிரிச்சாளா? நீங்கதான் முழுசாப் பாத்தீங்களே."

கண்டக்டர் சுவரில் சாய்ந்தபடி அவரையே பார்த்தான்.

ஒரு கதையைக் கட்டிவிடலாம். அவருக்கு அது கைவந்த கலை. ஊருக்குப் போனாள், வேறொரு குழந்தை பிறந்தது, கடைசிக் காட்சியில் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னால் அவள் நம்புவாள்.

"நான் பாக்கலம்மா" என்றார். "இடைவேளைக்கு அப்புறம் தூங்கிட்டேன்."

"அந்தப் படத்துலயா?"

"எல்லாப் படத்துலயும்."

கண்டக்டர்தான் கேட்டான்.

"எல்லாப் படத்துலயுமா? அந்தக் கப்பல் படம்? அதுக்கு அரைமணி நேரம் கிளைமாக்ஸ் சொன்னீங்களேண்ணே. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

"அது பாத்ரூம்ல ஒருத்தன் போன்ல பேசிக்கிட்டிருந்தான். அவன் சொன்னது."

கண்டக்டருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் பெண் மட்டும் விடவில்லை.

"அப்ப தெரிஞ்சுட்டு வந்து சொல்றீங்களா?"

மறுநாள் அந்தப் படத்துக்குக் கடைசி நாள். ஜட்ஜ் இடைவேளைக்குப் பிறகு உள்ளே போனார். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "என்ன சார், இன்னிக்கு ரிவர்ஸ்ல வர்றீங்க?" என்றார். உட்கார்ந்தால் ஆபத்து என்று கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நின்றார். கால் கடுத்தது. கண் இமை ஈயக்குண்டாகத் தொங்கியது. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொள்ளப் போனால் அந்த நேரத்தில் அந்தத் தங்கச்சி திரையில் வந்துவிடுவாளோ என்று போகவில்லை. ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. அவர் முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் டாக்ஸிக்காரன் மழையில் நனைந்துகொண்டே திருந்தினான். பிறகு ஒரு பாட்டு. பிறகு சண்டை. பிறகு கல்யாணம். அந்தக் கல்யாணக் கூட்டத்தில் யாராவது அவளா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். எழுத்துகள் ஓடி முடிந்து விளக்கு எரிகிற வரை நின்றார்.

நேராக மாடியேறினார். இருவரும் காத்திருந்தார்கள். கண்டக்டர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

"அவ வரலம்மா" என்றார்.

"எப்படி வரல?"

"ஆஸ்பத்திரியில அழுவுறா. அதோட சரி. அப்புறம் அவளக் காட்டவே இல்ல."

"அண்ணன் கல்யாணத்துலகூடவா?"

"இல்ல. நல்லாப் பாத்தேன். நின்னுக்கிட்டே பாத்தேன்."

அவள் யோசித்தாள். "அப்ப அந்தப் படத்த எடுத்தவரும் தூங்கிட்டார்போல" என்றாள்.

கண்டக்டர் மூக்கால் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

"எப்படிங்க விடுவாங்க? பெத்தவ அவ. அவன் திருந்துறதுக்காகவா அந்தக் குழந்தை செத்துச்சு? அவ வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி ஒரு காட்சி வெச்சிருக்கணும். பூட்டத் திறக்கணும். அங்க இருந்து என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்."

சொல்லத் தொடங்கினாள். எந்த விளக்கை முதலில் போடுவாள், எதை எடுத்து எங்கே வைப்பாள், புருஷன் எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும், எந்த இடத்தில் பேசியே ஆக வேண்டும். "பேசாம இருந்தா நல்லதுன்னு இவங்க நினைச்சுக்கறாங்க" என்றாள், கணவனைப் பார்க்காமல். கண்டக்டர், "அந்த இடத்துல அவன் என்னதான் பேசுவான்?" என்று கேட்டான். கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. "ஏதாச்சும்" என்றாள். அவன் கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

ஜட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கத்தான் விரும்பினார். ஆனால் சுவரோரம் நின்ற கால்கள் நாற்காலியில் நீண்டுவிட்டன. தலை ஒருமுறை ஆடியது. நிமிர்த்தினார். மறுபடி ஆடியது.

"அண்ணா" என்றாள் அவள்.

"கேக்குறேன்மா. சொல்லு. பூட்டத் தொறந்தா."

"தூங்குங்கண்ணா. வண்டி எடுக்கற நேரத்துக்கு இவர் எழுப்புவார்."

"ரெண்டு பேரும் ஒரே வண்டிதான்" என்றான் கண்டக்டர்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். நாக்கு எழவில்லை. அவர்கள் படத்துத் தங்கச்சியைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே போனார்கள். கண்டக்டர், புருஷன்காரன் அப்படிச் செய்யமாட்டான் என்றான். அவள், செய்வான், நீங்க செஞ்சீங்க என்றாள். இந்த இடத்தில் தனக்கு ஒரு கருத்து இருப்பதாக ஜட்ஜுக்குத் தோன்றியது. என்ன கருத்து என்று நினைவுக்கு வருமுன் தூங்கிப்போனார்.