டோல்கோர் எடுத்த படம்

பாலைவன நகரமான தலன்சாத்காத்தின் லாரிக்காரர்களிடம் போய் டோல்கோர் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ‘மோந்து பாக்கிற அக்கா’ எங்கே என்று கேட்டால் உடனே கையைக் காட்டுவார்கள். சாலையோரக் கடையில் பொரித்த இறைச்சி அடை வாங்கினால், முதலில் பிய்த்து, உள்ளே இருப்பது ஆடா வேறெதுவா என்று மோந்து பார்த்த பிறகுதான் வாயில் போடுவாள். தேநீரையும் மோந்து பார்ப்பாள். எல்லைச் சாவடியில் முத்திரை குத்தித் தரும் தாளைக்கூட மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் பையில் வைப்பாள். அவளுக்கு யாரிடமும் பகை கிடையாது. நம்பிக்கைதான் கிடையாது.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்துவிடவில்லை. இளமையில் ஒரு பாலர் பள்ளியில் சமையல்காரியாக இருந்தாள். அங்கே வெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. எடுத்தது தலைமை ஆசிரியையின் ஒன்றுவிட்ட தங்கை. பழி விழுந்தது சமையல்காரி தலையில். பிள்ளைகளின் வெண்ணெயைத் தின்றவள் என்ற பேரோடு அவள் அந்த வாசலைவிட்டு இறங்கினாள். “அவ என்னைப் பாத்து தினமும் சிரிப்பா. அக்கா அக்கான்னு கூப்பிடுவா. சிரிக்கிறவளை நான் பாக்கலியே, வெண்ணெயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்பாள்.

பிறகு பாலைவனத்தில் சுரங்கம் திறந்தது. நிலக்கரியை எல்லைவரை கொண்டுபோக ஆள் போதவில்லை. நாற்பது வயதில் கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பேன்ட் தைக்கக் கொடுத்தபோது தையல்காரன் சிரித்தான். அந்தத் தையல்காரனின் மகன் இப்போது அவள் வண்டிக்கு டயர் மாற்றுகிறான் என்பதை எல்லோரிடமும் சொல்வாள். உயரமான அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கீழே உலகமே குட்டியாகத் தெரியும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அங்கே ஏறி வந்து அவளைக் கேள்வி கேட்க யாருமில்லை. அந்த இருக்கைக்காக அவள் எதையும் செய்வாள். எதையும் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

முதலாளி கல்சானிடம் லாரிகள் இரண்டிரண்டாகத்தான் போகும். வழியில் ஒன்று நின்றால் இன்னொன்று உதவ வேண்டும் என்பது ஏற்பாடு. டோல்கோருக்கு ஜோடியாக வந்தவன் நம்ஜில். முப்பது சொச்சம் வயது, வட்ட முகம், வாய் நிறையச் சிரிப்பு. ஒவ்வொரு பயணத்துக்கும் அவன் மனைவி நோர்ஜ்மா பால் கிண்ணத்தோடு வந்து நிற்பாள். மரக்கரண்டியால் பாலை எடுத்து, புறப்படும் வண்டிகளின் பின்னால் வழி நல்லபடி அமைய வானத்தைப் பார்த்துத் தெளிப்பாள். புருஷன் வண்டிக்கு மட்டுமல்ல, டோல்கோரின் வண்டிக்கும் தெளிப்பாள்.

“அந்தப் பாலு தண்ணியா இருக்கு. என் வண்டிக்கு வர்றப்ப மட்டும் தண்ணியா இருக்கு” என்று டோல்கோர் டீசல் பம்புக்காரனிடம் சொன்னாள்.

“கண்ணாடியில பாத்தே பால்ல தண்ணி கண்டுபிடிப்பீங்களா அக்கா? உங்களை சுங்கச் சாவடியிலதான் உக்கார வைக்கணும்” என்றான் பம்புக்காரன்.

குளிர் தொடங்கிய சமயத்தில் கல்சான் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். டீசல் ஜோடிக் கணக்கில்தான் கொடுக்கப்படும். இவர்கள் ஜோடி மட்டும் மற்ற ஜோடிகளைவிட அதிகம் குடித்துக்கொண்டிருந்தது.

“வண்டி குடிக்குதா, ஆளு குடிக்கிறாங்களான்னு எனக்குத் தெரியல” என்றான் கல்சான். “வெள்ளை மாசப் புதுவருஷப் பண்டிகைக்குள்ள தெரியணும். தெரியலேன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரை நானே இறக்கிடுவேன். யாரைன்னு அப்ப முடிவு பண்ணிக்கிறேன்.”

“அய்யோ அண்ணே, அக்காவைப் போயா?” என்று நம்ஜில் பதறினான்.

டோல்கோர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளி யார் பேரையும் சொல்லவில்லை. இவன் ஏன் அவள் பேரை எடுத்தான்? அதுவும் பரிந்து பேசுகிற மாதிரி? வெளியே வந்ததும் அவன் தன் ஃபிளாஸ்கிலிருந்து பால் தேநீர் ஊற்றி அவளுக்கு முதலில் கொடுத்தான். மோந்து பார்த்தாள். தேநீர் வாசனைதான் வந்தது. அதனாலேயே சந்தேகம் கூடியது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனித்தாள். அவன் கழற்றி வைத்த கையுறையை மோந்தாள், டீசல் நாற்றம். தன் கையுறையையும் மோந்தாள். அதிலும் அதே நாற்றம். அவன் டீசல் மூடியின் மேல் ஒரு நூலைச் சுற்றி வைத்தாள்; காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. அவன் அவள் வண்டி டயருக்குப் பனிச்சங்கிலி மாட்ட உதவினான். எதற்கு இவ்வளவு நெருக்கம் என்று யோசித்தாள். உதவாமல் இருந்தால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாள், அது வேறு விஷயம்.

பம்புக்காரன்தான் ஒரு நாள் வாயை விட்டான். “நம்ஜில் முதலாளிகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டிருந்தான் அக்கா. மேடு ஏறும்போது உங்க வண்டி ரொம்ப உறுமுதாம், டீசலைக் குடிக்குதாம். அக்காவுக்கு கியர் மாத்துற பக்குவம் இன்னும் வரலேன்னு சிரிச்சான்.”

“சிரிச்சானா?”

“சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.”

டோல்கோரின் காதுக்குள் பழைய பாலர் பள்ளியின் மணி அடிப்பது போலிருந்தது. மறுபடியும் வெண்ணெய், மறுபடியும் சிரிப்பு. இந்த முறை பிடிக்காமல் விடப்போவதில்லை என்று முடிவெடுத்தாள். அவளை இறக்கிவிட்டால் ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு இன்னொரு முதலாளி லாரிச் சாவி தரமாட்டான். திரும்ப அடுப்படிதான்.

எல்லையில் கரியைக் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் நம்ஜில் பின்தங்குவான். அதை அவள் கவனித்து வைத்திருந்தாள். போகும்போது ஒட்டிக்கொண்டே வருகிறவன், திரும்பும்போது மட்டும் சக்சவுல் புதர் மண்டிய மேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடியிலிருந்து மறைந்துவிடுவான். கேட்டால், வயிறு சரியில்லை என்பான்.

அன்றைக்கும் மறைந்தான். பட்டப்பகல், வெயில் இருந்தும் கதகதப்பு இல்லாத பகல். டோல்கோர் ரேடியோவை எடுத்தாள்.

“நம்ஜில், நலமா வர்றியா?”

பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள்.

“நலம்... நலம் அக்கா” என்று வந்தது. பின்னால் நீளமான ஒரு இருமல்.

எங்கள் பக்கத்தில் நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். கால் ஒடிந்து கிடப்பவனும் முதலில் நலம் என்பான். பிறகு மழை, மேய்ச்சல், ஆடு மாடு எல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் காலைப் பற்றிப் பேச்சு வரும். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். டோல்கோர் நம்பவில்லை. ‘மாட்டினடா’ என்று சொல்லிக்கொண்டே அகலமான ஒரு இடம் பார்த்து வண்டியைத் திருப்பினாள். உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேட்டுக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாத இடத்தில் அவன் லாரி நின்றது. கீழே நீல நிற கேன்கள், ஒன்று நிரம்பி, ஒன்று பாதி. டீசல் தொட்டியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கி மண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நம்ஜில் கிடந்தான். வாயால் உறிஞ்சும்போது டீசல் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. உதடு நீலம் பாரித்து, மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது.

டோல்கோர் இறங்கி ஓடினாள். பாதியில் நின்றாள். பையிலிருந்து போனை எடுத்தாள். கையுறையோடு தொட்டால் வேலை செய்யாது. பல்லால் கையுறையைக் கழற்றினாள். குழாய், கேன்கள், வண்டியின் எண், அவன் முகம் எல்லாம் ஒன்றாக விழவேண்டும் என்று ஓரடி பின்னால் தள்ளி நின்று எடுத்தாள். சரியாக விழுந்திருக்கிறதா என்றும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினாள்.

தூக்கியது லேசான காரியமில்லை. தன்னைவிடக் கனமான ஆளை இழுத்து, தோள் கொடுத்து, அந்த உயரமான வண்டிக்குள் எப்படி ஏற்றினாள் என்று அவளுக்கே தெரியாது. சுரங்கத்து ஊர்வரை ஹாரனை அழுத்தியபடியே ஓட்டினாள். “சாவாதடா, பாவி. செத்துடாத” என்று வழியெல்லாம் கத்தினாள். அங்கே மருத்துவரிடம் மறைக்காமல், டீசல் நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று சொன்னாள். அங்கிருந்து ஆம்புலன்சில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் போயிருப்பான் என்றார்கள்.

ஊரே அவளைக் கொண்டாடியது. மோந்து பாக்கிற அக்காவுக்கு மோப்பம் பிடித்துத்தான் ஆள் கிடக்கிறது தெரிந்தது என்றார்கள். நோர்ஜ்மா அவள் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு அழுதாள். டோல்கோர் கையை இழுத்துக்கொண்டாள். இவளுக்கும் தெரிந்திருக்குமோ, அந்தக் கேன்கள் யார் வீட்டுக்குப் போயிருக்குமோ என்று அப்போதும் அவள் மனம் கணக்குப் போட்டது. தனியாக இருக்கும்போதெல்லாம் போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். கேன், குழாய், எண். எல்லாம் பளிச்சென்று இருந்தன. கையும் களவுமாக என்பது இதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

நம்ஜிலுக்குப் பேச்சு வந்ததும் கதை மாறியது. டீசல் குழாய் அடைத்துக்கொண்டது, வாயால் ஊதிச் சரிசெய்யும்போது உள்ளே போய்விட்டது என்று முதலாளியிடம் சொன்னான். நம்பக்கூடிய கதைதான், எல்லா டிரைவரும் எப்போதாவது செய்கிற வேலை. அவன் லாரியை எடுத்துவர ஆள் போனபோது மேட்டுக்குப் பின்னால் கேன்கள் இல்லை. அந்தச் சாலையில் நிரம்பிய டீசல் கேனை யார் விட்டுவைப்பார்கள்?

டோல்கோர் வார்டுக்குள் போனபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அக்கா, நீங்க என்ன பாத்தீங்க?” என்று மெல்லக் கேட்டான்.

“பாக்க வேண்டியதைப் பாத்தேன்.”

“நீங்கதான் எனக்கு உசுரு குடுத்தீங்க. அதைக் கெடுத்துடாதீங்க.”

அவன் எழுந்து நடக்கட்டும் என்று அவள் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள். பண்டிகைக்கு முந்தின வாரம் கல்சான் ஆஸ்பத்திரிக்கு வந்தான். தாழ்வாரத்தில் நோர்ஜ்மா ஆட்டுச் சூப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். டோல்கோரும் இருந்தாள். கல்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே பேசினான்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. வேலை நேரத்துல வண்டியைச் சரி பண்ணப் போயி இப்படிக் கிடக்கிறவனை நான் எப்படி இறக்குவேன்? நீங்க நல்லது பண்ணியிருக்கீங்க, மறக்கமாட்டேன். ஆனா டீசல் போயிருக்கு. பாலர் பள்ளி விஷயமும் காதுல விழுந்துச்சு. பண்டிகைக்கு அப்புறம் நீங்க கேன்டீன்ல சமையலைப் பாத்துக்கங்க.”

அடுப்படி. சமையல் என்று காதில் விழுந்ததும் டோல்கோருக்கு அதுதான் தோன்றியது. வேறு யோசனையே வரவில்லை. போனை எடுத்துப் படத்தைத் திறந்து முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க. யாரு திருடி?”

கல்சான் பார்த்தான். இரண்டு விரலால் பெரிதாக்கினான். நிரம்பிய கேனைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். முகம் சிவந்தது. “நாய்ப்பய” என்றான். “மன்னிச்சிடுங்க அக்கா. வண்டி உங்களோடதுதான். உங்களை யாரும் இறக்க முடியாது.”

டோல்கோருக்கு மூச்சு வந்தது. இத்தனை வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த வெண்ணெய்ப் பழிகூட இறங்கிவிட்டது போலிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருப்பாள்.

அதற்குள் கல்சான் போனை நோர்ஜ்மாவிடம் கொடுத்தான். “உன் புருஷன் லட்சணத்தை நீயே பாரு.”

நோர்ஜ்மா சூப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கேன்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. குழாயையும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு கண்ணைத் திறந்துக்கிட்டு இருக்காரே அக்கா” என்றாள்.

டோல்கோருக்குப் புரியவில்லை.

“உங்களைப் பாக்குறாரு. கையை நீட்டுறாரு.”

அவள் போனைத் திருப்பித் தந்தாள். குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். டோல்கோர் படத்தைப் பார்த்தாள். எண் தெளிவாக இருந்தது, குழாய் இருந்தது, கேன்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, ஓரத்தில், கையுறை இல்லாத ஒரு கை விரல்களை விரித்துக்கொண்டு, படம் எடுத்தவளை நோக்கி நீண்டிருந்தது. தினமும் எடுத்து எடுத்துப் பார்த்த படம்தான். அந்தக் கையை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.