சின்னவளுக்கு ஈரல் கிடையாது

எனக்கு இந்த ஆவணியோடு எழுபத்து மூன்று முடிகிறது. வயிற்றில் சுமந்து வளர்த்தது நாலு பிள்ளைகள். வாசலில் கட்டி வளர்த்தது பதினோரு நாய்கள். பிள்ளைகள் நாலு பேரும் ஆளாகிவிட்டார்கள், அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாய்களில் இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அதற்காகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் வரும். எனக்கு அவசரமும் இல்லை.

முதல் ஒன்பதும் எங்கள் ராஜபாளையத்து வெள்ளை நாய்கள். கடைசி இரண்டும் பழுப்பு நிற லாப்ரடார். போலீஸில் இருக்கும் என் கடைசி மகன் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டான். அதை நாங்கள் பெரியவள் என்போம். அது எங்கள் வீட்டிலேயே குட்டி போட்டது. ஒன்றை நிறுத்திக்கொண்டோம், அதுதான் சின்னவள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வீட்டுக்குள் பேச்சு தெலுங்கு. வாசலுக்கு வந்தால் தமிழில்தான் வம்பு.

"ராசபாளையத்துல குடியிருந்துக்கிட்டு சீமை நாயா வளக்கீக? கடலுக்குள்ள இருந்துக்கிட்டு உப்பு வெலைக்கு வாங்குன மாதிரில்லா இருக்கு!"

"எங்க வீட்டு வாசலுக்கு எது வந்தாலும் நல்லாத்தான் வளரும்" என்று நானும் விடாமல் சொல்வேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. என் மாமனார் காலத்தில் இருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மலையடிவாரத்துத் தோட்டத்தில் பன்றி இறங்கவிடாமல் காத்தது நாய்கள்தான். ஆகவே ஆடு அறுத்தால் ஈரலில் முதல் பங்கு நாய்க்கு. மனுஷருக்கு அதற்குப் பிறகுதான். அதோடு, நான் பிறந்த வீட்டில் இருந்து கொண்டுவந்த செம்புப் பானையில் தண்ணீர் பிடித்து வைப்பேன். புளி போட்டுத் தேய்த்தால் சூரியன் மாதிரி மின்னும். நானும் அதைத்தான் குடிப்பேன். நாய்களுக்கும் செம்புச் சட்டி ஒன்று தனியாக உண்டு. செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று யாருக்குத்தான் தெரியாது?

போன வருஷம் பெரியவள் சாப்பாட்டை விட்டாள். முதலில் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினாள். சூடு காலம், மந்தம் என்று நினைத்தேன். பிறகு வாந்தி. பிறகு ஈரலை வைத்தும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடந்தது. வயிறு மட்டும் குடமாக வீங்கியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார். சின்ன வயது, ஆனால் கை நிதானம். அவர் சொல்லித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஈரலில் ஊசி விட்டுச் சோதனைக்கு ஒரு துணுக்கு எடுக்க வைத்தோம். அதற்கான பதில் வந்தபோது பெரியவளைத் தென்னைக்கு அடியில் புதைத்தாகிவிட்டது.

"என்ன சாப்பாடு போட்டீங்க ஆச்சி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னேன். ஞாயிறு தவறாமல் ஈரல். குடிக்கச் செம்புத் தண்ணீர்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆச்சி, இது செம்புச் சத்து ஈரல்ல போய்த் தங்குற நோவு. ஆட்டு ஈரல்லதான் அந்தச் சத்து கூடுதலா இருக்கு."

"அப்ப எங்க வெள்ளை ஒம்பதும் அதத்தான தின்னுச்சு? எல்லாம் கிழடு தட்டித்தான செத்துச்சு?"

"மத்த நாய்க்கு மிஞ்சுன செம்பு பித்தத்தோட கழிஞ்சிரும். இந்த வகை நாய்ல சிலதுக்கு அது கழியாது. பிறக்கும்போதே அந்தக் கோளாறோட பிறக்கும். நீங்க போட்டதால மட்டும் வரல. ஆனா போட்டது ஏத்திவிட்டுருக்கும்." பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "பெரியவளுக்கு மகள் ஒண்ணு இருக்குன்னீங்கள்ல?" என்றார்.

இருக்கிறது. என்னோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

மறுவாரம் சின்னவளின் கன்னத்துக்குள் ஒரு குச்சிப் பிரஷை விட்டுத் தேய்த்து எடுத்து, உறையில் போட்டு, வெளியூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பினார்கள். எச்சிலோடு வரும் தோலில் இருந்து பரம்பரையைப் படித்துவிடுவார்களாம். அது எப்படியோ பக்கத்து வீட்டுக்கு எட்டிவிட்டது.

"மதினி, நாய்க்குச் சாதகம் பாக்க எச்சிய அனுப்பிச்சிருக்கீகளாம்ல? பொருத்தம் எத்தனைன்னு கேட்டுச் சொல்லுங்க."

எப்போதும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்குச் சின்னவளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாபம்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டாள். அவர்கள் பேச்சில் பாவம் என்று அர்த்தம்.

பதில் வரும்வரை நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது? காலையில் எழுந்தால் சாமி படத்தைப் பார்க்கிறவள், சின்னவளின் கண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன். வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் இமையைத் தூக்குவேன். உதட்டை மடக்கி ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். தண்ணீரைக் கொஞ்சம் கூடக் குடித்தால் பயம். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் பயம். புல்லைக் கடித்தால் பயம். அது விளையாட்டென்று நினைத்து என் மூக்கை நக்கும். எனக்குப் பெரியவளின் வீங்கின வயிறுதான் கண் முன்னால் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து வழக்கம்போல உதட்டைத் தூக்கினேன். ஈறு மஞ்சளாக இருந்தது. சந்தேகமே இல்லை, பளிச்சென்று மஞ்சள். மகன் வயிற்றுப் பேத்தியைக் கூப்பிட்டேன். ஈரத் தலையை அள்ளி முடியாமல், சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். கோபுரம் தெரிந்ததும் கை கூப்பக்கூடத் தோன்றவில்லை.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. பஞ்சை நனைத்து ஈறைத் துடைத்தார். மஞ்சள் முழுதும் பஞ்சோடு வந்துவிட்டது.

"ஆச்சி, உங்க கையக் காட்டுங்க."

காட்டினேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் உரசிக் குளித்த கை. பத்து விரலும் மஞ்சளாக இருந்தன.

பேத்தி சிரித்தாள். ஆட்டோக்காரர் சிரித்தார். டாக்டரம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மூத்த மகன் பட்டாளத்துக்குப் போனபோதுகூட நாலு பேர் முன்னால் நான் அழுததில்லை.

அழுது ஓய்ந்த பிறகு டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரிசல்ட் காலையிலதான் வந்துச்சு."

பேத்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மாகிட்ட இருந்து அந்தக் கோளாறு இவளுக்கு வந்திருக்கு. அப்பன்கிட்ட இருந்து வரல. ரெண்டு பக்கமும் வந்திருந்தா இன்னும் ஆபத்து."

"அப்ப இவளும் அப்படித்தானா?"

"அப்படிச் சொல்ல முடியாது ஆச்சி. இது நோவு இல்ல, நோவு வரக்கூடும்னு ஒரு எச்சரிக்கை. வராமலே போகலாம், வந்தாலும் வரலாம். இப்பவே ரத்தம் எடுத்துப் பாப்போம். பொறவு ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூட்டியாங்க. சாப்பாடுதான் உங்க கையில இருக்கு."

வராது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. பொய் சொல்லாத மனுஷி.

ரத்தத்தில் அன்றைக்குக் குறை ஒன்றும் இல்லை. மம்சாபுரத்துக்காரர் ஒருவர் சின்னவளிடம் ஒரு குட்டி கேட்டு வைத்திருந்தார். இந்தக் கோளாறு இன்னொரு வீட்டு வாசலுக்குப் போக வேண்டாம், குட்டி கிடையாது என்று அவருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டேன். செம்புச் சட்டி பரணுக்கு ஏறியது. சின்னவளுக்கு எவர்சில்வர் வந்தது. பயத்தில் கறி, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிடப் பார்த்தேன். டாக்டரம்மா திட்டினார். செம்பு கொஞ்சம் உடம்புக்கு வேண்டுமாம், நாமாகக் குறைத்தால் வேறு கேடு வருமாம். அவர் சொன்ன அளவில் வெள்ளைச் சோறு, முட்டை, கோழியின் நெஞ்சுக்கறி, அவர் எழுதிக் கொடுத்த சத்து மருந்து. அம்புட்டுத்தான்.

பங்குனியில் கூமாப்பட்டிப் பக்கம் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு. சின்னவளை வீட்டில் விட்டுவர மனசில்லாமல் கூட்டிப் போனேன். அதுதான் வினையாயிற்று. நான் முகம் கழுவப் போன நேரத்தில் என் கொழுந்தனார் வாழையிலையில் ஈரலை வைத்து, "நம்ம வீட்டு மொதப் பங்கு" என்று சின்னவள் முன்னால் வைத்துவிட்டார். நான் திரும்பும்போது அவள் வாயில் பாதி ஈரல்.

ஓடினேன் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை. வாய்க்குள் கையை விட்டுப் பிடுங்கிவிட்டேன். பல் பட்டு விரலில் ரத்தம் வந்தது. அத்தனை சொந்தமும் பார்த்துக்கொண்டு நின்றது.

"மதினி, என்ன காரியம் இது! நாய்க்கு வச்ச பங்கப் பிடுங்குதீக. அண்ணன் இருந்தா இதச் செய்ய விடுவாரா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இவ அம்மாவக் குழிக்குள்ள எறக்கும்போது எந்த ஊரு வந்து நின்னுச்சு?"

சின்னவள் என் கையில் இருந்த ஈரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று கேட்கிற பார்வை. தூக்குவாளியைத் திறந்து நான் கொண்டுபோன சோற்றை வைத்தேன். தின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொழுந்தனார் தன் இலையில் இருந்த அவித்த முட்டையை எடுத்து, "இதாவது குடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். கொடுக்கச் சொன்னேன்.

பயம் போகவில்லை. அது இனிப் போகாது என்று நினைக்கிறேன். கையை வெறுந்தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு இன்றைக்கும் ஈறைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. நாளைக்கும் பார்ப்பேன்.

ஆனால் அடுத்த வாரம் எனக்கு மதுரையில் கண் ஆபரேஷன். சில நாள் வீட்டில் இருக்க மாட்டேன். வந்த பிறகும் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கும். விருந்தாள் வருவார்கள், ஆட்டுக்கறி எடுப்பார்கள், பாவம் நாய் பார்க்கிறதே என்று யாராவது ஒருவர் ஒரு துண்டைப் போட்டுவிடுவார்கள். பாசத்தில்தான் போடுவார்கள். நானும் பாசத்தில்தான் போட்டேன்.

ஏட்டி பேத்தி, இங்கே வா. இதை முதலில் இருந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. அடுப்படியில் இருக்கிற உன் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி.