கரண்ட் போன அருந்ததி

போன வாரம் ஒரு கல்யாணம். ஏசி மண்டபத்துக்குள்ளேயே ஐயர் “அருந்ததி பாருங்கோ” என்றார். மாப்பிள்ளை விரலை நீட்டினான். விரலுக்கு நேரே சரவிளக்கு. பெண்ணும் “தெரியுது” என்று தலையாட்டியது. பக்கத்திலிருந்த என் மனைவி முழங்கையால் என்னை ஓர் இடி இடித்தாள். ஏன் இடித்தாள் என்பதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எழுபதுகளில் ஒரு வைகாசி. லால்குடியில் எங்கள் கல்யாணம். பட்டப்பகலில் வாசலில் நிறுத்தி வடக்கே கைகாட்டச் சொன்னார்கள். காட்டினேன். “தெரியுதாம்மா?” என்று ஐயர் கேட்க, “தெரியலையே” என்றாள் இவள், நாதஸ்வரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து. பந்தலே சிரித்தது. “ராத்திரி காட்டறேன்” என்று காதோடு சொல்லிவைத்தேன். வானத்தில் நிலாவைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம்.

திருச்சியின் தென்கோடியில், எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீடு. குடிபோன அன்றே மொட்டை மாடிக்கு ஏறி, “எங்க, காட்டுங்க” என்றாள். புதுப் பெண்டாட்டியிடம் தெரியாது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? வடக்கே, தென்னந்தோப்புக்கு மேலே ஒரு பொட்டு வெளிச்சம் மினுங்கியது. “அதோ!” என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் சாப்பிட்டதும் மேலே போய்க் காட்டினேன்.

நாலாம் நாள் காட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. தெரு இருண்டது. அருந்ததியும் அணைந்தது.

“என்னங்க, அருந்ததிக்கும் கரண்ட் போயிடுச்சா?”

மலைக்கோட்டை உச்சி விளக்கு! ஸ்ரீரங்கத்தில் பிறந்த எனக்கு மலைக்கோட்டை என்றால் தெற்கே. அது வடக்கே வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? ஆனால் இனி எதைச் சொன்னாலும் இவள் நம்ப மாட்டாளே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் என் முகவாயைப் பிடித்து உயர்த்தினாள். “மேல பாருங்க. ஏழு நட்சத்திரம். வால்ல நடுவுல இருக்கறவர் வசிஷ்டர். அவரை ஒட்டிக்கிட்டுப் பொடியா ஒண்ணு இருக்கே, அதுதான்.”

“முதல் நாளே தெரியுமா?”

“தெரியும். நீங்க ஆசையாக் காட்டினீங்க. நான் கன்னத்துல போட்டுக்கிட்டது உச்சிப் பிள்ளையாருக்கு.”

இன்றும் அதே தெருதான். தோப்பு அபார்ட்மெண்ட் ஆகி, மலைக்கோட்டையை மறைத்துவிட்டது. கரண்ட் போனால் இருட்டுவதற்குள் இன்வெர்ட்டர் வந்துவிடுகிறது. வானம் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்துக் கிடக்கிறது. அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்த இரவு, இருவரும் மெல்ல மாடியேறினோம். ஏழில் நாலைக்கூடக் காணோம். அவளுக்குக் கண்ணில் புரை வேறு. பழக்கத்தில் கையை நீட்டி, “தெரியுதா?” என்றேன்.

அன்று அத்தனை பேர் நடுவில் தெரியலை என்று சொன்னவள், கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தெரியுதுங்க” என்றாள்.